படத்தில் ஒன்றும் இல்லையாம்

நரம்பை எடுத்தாயிற்றே, இனி எப்படி வலிக்கும் என்று கேட்கிறார்கள். அதைத்தானே ஐயா நானும் கேட்டுக்கொண்டு வந்தேன்? எப்படி வலிக்கிறது என்று பார்த்துச் சொல்லத்தானே உங்களைத் தேடி வந்தேன்? என் கேள்வியை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, அதற்கும் கன்சல்டேஷன் பீஸ் என்று சீட்டு நீட்டினால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

இடது பக்கம், மேல்தாடை, முதல் கடைவாய்ப் பல். சொத்தை ஆழமாகப் போய்விட்டது, ரூட் கேனல் செய்து கேப் போட்டுவிட்டால் ஆயுசுக்கும் கவலை இல்லை என்றார்கள். இரண்டுக்கும் சேர்த்து 12,000 ரூபாய். எண்ணி வைத்தேன். அதற்கு முன்னால் இருந்த வலி வேறு. குளிர்ந்த தண்ணீர் பட்டால் உயிர் போகும், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். இப்போது இருப்பதற்கு அடக்கமே கிடையாது. காலையில் கண் விழிக்கும்போதே, ஊதுபத்தியின் கங்கை ஈறில் வைத்து எடுக்காமல் விட்டது மாதிரி ஓர் எரிச்சல். மத்தியானத்துக்குள் கன்ன எலும்புக்கு ஏறுகிறது. சாயங்காலம் காதோரம் குத்துகிறது. ஏசி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார முடிவதில்லை. நான் மருத்துவக் காப்பீட்டு முகவர். வாய்தான் எனக்குச் சோறு போடுகிறது. பேசப் பேச வலி கூடுகிறது, பேசாவிட்டால் பிழைப்பு போகிறது.

கிளினிக்கில் நடந்ததைச் சொல்கிறேன். நாற்காலியைப் பின்னால் சாய்த்து, கழுத்தில் அந்த நீலத் தாளைக் கட்டி, கண்ணாடிக் கருவியின் கைப்பிடியால் கேப்பின் மேல் டக் டக் என்று தட்டுவார். “வலிக்குதா மேடம்?” “தட்டுனா வலிக்கல டாக்டர், சும்மா இருக்கும்போதுதான்...” நான் முடிப்பதற்குள் நீலக்காகிதம் வாய்க்குள் வந்துவிடும். “கடிங்க. நல்லா தேய்ங்க.” எங்கேயோ ஒரு புள்ளி உயரமாக இருக்கிறது என்று கேப்பைக் கொஞ்சம் ராவுவார். அப்புறம் எக்ஸ்ரே. கம்ப்யூட்டர் திரையில் என் பல்லின் வேர்கள், அவற்றுக்குள் நுனிவரை வெள்ளை வெளேரென்று கோடுகள். “பாருங்க, எவ்வளவு அழகா ஃபில் ஆகியிருக்கு!” முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. அழகாகத்தான் இருக்கிறது, கூடத்தில் சட்டம் போட்டு மாட்டலாம். எனக்கு வலிக்கிறதே டாக்டர் என்றால், “படத்துல ஒண்ணும் இல்லையே மேடம்” என்று பதில். ஒவ்வொரு தடவையும் இதே சடங்கு, இதே வாக்கியம்.

அந்தப் படம் என்ன சாமி சொன்ன வாக்கா? ஆழமுள்ள ஒரு பொருளைத் தட்டையாக்கிக் காட்டுகிற நிழல் அது. ஒரு வேருக்குப் பின்னால் இன்னொரு வேர் மறைந்துகொண்டால் தெரியாது. மேல்தாடை முதல் கடைவாய்ப் பல்லில் கன்னத்துப் பக்கம் முன்னால் இருக்கிற வேருக்குள் இரண்டாவதாக ஒரு குழாய், மயிரிழை மாதிரி, பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இருக்கிறது. அதைச் சுத்தம் செய்யாமல் விட்டால் கிருமி அங்கேயே குடியிருக்கும். வேரில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்திருந்தாலும் சாதாரண எக்ஸ்ரேயில் பெரும்பாலும் அகப்படாது. இந்தப் பல்லின் வேருக்கு மேலேயே சைனஸ் அறை இருக்கிறது. அங்கே சளி கட்டினால் பல்தான் வலிக்கிறது என்று தோன்றும். தாடைத் தசை இறுகினாலும் அப்படித்தான். இதெல்லாம் பல் மருத்துவம் படிக்கிற பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் இருக்கிற சங்கதி. ஒன்றையாவது கிளறிப் பார்த்தார்களா? முப்பரிமாணமாகக் காட்டுகிற சிபிசிடி ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம் என்றோ, ரூட் கேனலுக்கென்றே எம்டிஎஸ் படித்தவரிடம் அனுப்புகிறேன் என்றோ ஒரு சொல்? ம்ஹூம்.

“நரம்பை எடுத்தாயிற்று” என்பதும் அரை உண்மைதான். எடுத்தது பல்லுக்குள் இருந்த கூழை. பல்லைத் தாடை எலும்போடு பிடித்து வைத்திருக்கிற சவ்வில் நரம்பு இருக்கிறது, ஈறில் இருக்கிறது, எலும்பில் இருக்கிறது. முகம் முழுக்கப் படர்ந்திருக்கிற ஐந்தாம் மண்டை நரம்பின் கிளைகள் அவை. ஒரு கிளை அறுபட்ட பிறகு அந்த நரம்பு வழிக்குத் திரும்பாமல், காயம் ஆறிய பின்னும் வலி வலி என்று மூளைக்குச் சேதி அனுப்பிக்கொண்டே இருப்பது உண்டு. காலை எடுத்த பிறகும் இல்லாத பாதம் வலிக்கிறது என்கிறவரை எந்த மருத்துவரும் பொய்யர் என்று சொல்வதில்லை. பல்லுக்கு மட்டும் ஏன் அந்த மரியாதை கிடையாது?

புதுசாக முளைத்த நோயா இது? லண்டனில் ஜான் ஹன்டர் என்ற அறுவை மருத்துவர் 1778இலேயே பல் நோய்கள் பற்றிய தன் புத்தகத்தில், பல்லின் மேல் பழி விழுகிற, ஆனால் பல்லுக்குச் சம்பந்தமில்லாத தாடை வலி ஒன்று உண்டு என்று எழுதி வைத்திருக்கிறார். 2010இல் பல ஆய்வுகளைத் திரட்டிக் கணக்குப் பார்த்தபோது, ரூட் கேனல் செய்து ஆறு மாதம் ஆன பிறகும் நூற்றுக்கு ஐந்து பேருக்கு வலி இருந்தது. அதில் பாதிக்கு மேல் பல்லிலிருந்து வருகிற வலியே இல்லை. 2020இல் வெளிவந்த முகவலிகளுக்கான சர்வதேச வகைப்பாட்டிலும் இதற்கு இடம் இருக்கிறது. ஐந்து பேர்தானே என்பீர்கள். மதுரையில் பல் கிளினிக் போர்டு இல்லாத தெரு இருக்கிறதா? அத்தனை நாற்காலியிலும் இதுதானே நடக்கிறது? அந்த ஐந்து பேரும் எங்கே போனார்கள்? என்னை மாதிரி வீட்டில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, எனக்குத்தான் கிறுக்குப் பிடித்துவிட்டது போலிருக்கிறது என்று உட்கார்ந்திருக்கிறார்கள்.

முன்னாடியே சொல்லியிருக்கலாமே! ஊசி போடுவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால், சாய்ந்து கிடக்கிறவள் கையில் பேனாவைக் கொடுத்து ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். முழுக்க இங்கிலீஷ், எறும்பு எழுத்து. பின்விளைவுகள் எல்லாம் எனக்குப் புரியும்படி விளக்கப்பட்டன என்று அதில் நான் ஒப்புக்கொண்டிருக்கிறேனாம். வாய் திறந்து விளக்கியது இரண்டே இரண்டு: எந்த கேப்புக்கு எத்தனை வருஷ வாரண்டி, தவணையில் கட்டினால் மாசம் எவ்வளவு.

இதைவிடக் கொடுமை, ஒரு தடவை என் வயதைக் கேட்டுக்கொண்டு, “மேடம், மாதவிடாய் நிக்கிற நேரம் இல்லையா, மனசு கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்” என்றது. இந்த வகை நரம்பு வலி நடுவயதுப் பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது என்று அவர்கள் படிப்பே சொல்கிறது. அப்படியானால் என் வயதைக் கேட்டதும் நரம்பின் மேல் அல்லவா சந்தேகம் வந்திருக்க வேண்டும்? என் மேல் வந்தது.

வீட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? மாமியார் கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் தோய்த்து வைக்கச் சொல்ல, ஈறு வெந்து தோல் உரிந்ததுதான் மிச்சம். மதினி இருக்கிறாளே, “எனக்குந்தான் ரெண்டு பல்லுக்குப் பண்ணாங்க, மறுநாளே முறுக்கு கடிச்சேன்” என்று போகிற இடமெல்லாம் சொல்கிறாள். தலைவலியும் வயிற்றுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும். வீட்டுக்காரர் பாவம், என் முனகலைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், “பேசாம புடுங்கிப் போட்டுரு, தலைவலி விட்டுச்சு” என்கிறார்.

பிடுங்கிப் போடு! இந்த ஒரு சொல்லுக்குத்தான் எனக்கு அடிவயிறு கலங்குகிறது. நரம்பே தடம் மாறியிருந்தால் பல்லை எடுத்தாலும் வலி போகாது. வெறும் ஈறு வலிக்கும், இல்லாவிட்டால் பக்கத்துப் பல்லுக்கு நகரும். அதையும் எடு, அதற்கடுத்ததையும் எடு என்று நல்ல பல் வரிசையையே பறிகொடுத்துவிட்டு அதே வலியோடு நிற்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். ஹன்டர் எழுதியதும் இந்தக் கதையைத்தான். இன்னும் அதே யோசனையைத்தான் சொல்கிறார்கள், கூடவே இம்ப்ளான்ட்டுக்கு விலைப்பட்டியலும் கொடுக்கிறார்கள்.

மாத்திரைகளைப் பற்றித் தனியாகவே அழலாம். வீக்கம் இல்லை, காய்ச்சல் இல்லை, சீழ் இல்லை, ஆனாலும் எதற்கும் இருக்கட்டும் என்று ஆன்டிபயாடிக் கோர்ஸ். டைக்ளோபினாக்கை மெடிக்கல் ஷாப்பில் கடலைமிட்டாய் கொடுக்கிற மாதிரி எடுத்துக் கொடுக்கிறார்கள். அது வீக்கத்தால் வருகிற வலிக்குக் கேட்கும், நரம்பிலிருந்து கிளம்புகிற வலிக்குப் பெரும்பாலும் கேட்காது. கேட்கவில்லை என்று இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. வயிறு புண்ணானது. மாசக்கணக்கில் போட்டால் கிட்னிக்கும் ஆகாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கிளெய்ம் ஃபைல்களைப் புரட்டுகிறவள் என்பதால் எனக்கே தெரியும்.

கிளெய்ம் என்றதும் ஞாபகம் வருகிறது. நான் விற்கிற பாலிசியிலேயே, விபத்தில் அடிபட்டாலன்றிப் பல் சிகிச்சைக்குப் பணம் கிடையாது. பெரும்பாலான பாலிசிகளில் அப்படித்தான். வாய் மட்டும் உடம்பில் சேர்த்தி இல்லை போலும். வக்கீலாக இருக்கிற அண்ணன் மகனிடம் கேட்டேன். மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே சொல்லிவிட்டது, கேஸ் போடலாம் என்றான். “ஆனா அத்தை, அவங்க செஞ்ச வேலையில தப்பு இருக்குன்னு நாமதான் காட்டணும். படம் கிளீனா இருக்கே?” கோர்ட்டிலும் அந்தப் படம்தான் சாட்சி சொல்லுமாம். எனக்கென்று சாட்சி சொல்ல என் வாயைத் தவிர வேறென்ன இருக்கிறது?

கடைசியில் ஒருவர் கேட்டார். வேறு டாக்டர், வயசானவர். நாற்காலியில் சாய்க்காமல் எதிரே உட்காரவைத்து, எப்போது தொடங்கியது, எப்படி எரிகிறது, தூக்கத்தில் எழுப்புகிறதா என்று கேட்டார். பஞ்சு சுற்றிய குச்சியால் வலது ஈறை லேசாக வருடினார், ஒன்றும் இல்லை. இடதை வருடியபோது துள்ளிவிட்டேன். மரத்துப்போக ஊசி போட்டு, வலி எவ்வளவு குறைகிறது என்று காத்திருந்து பார்த்தார். சிபிசிடி எடுத்தார். விட்டுப்போன குழாய் இல்லை, கீறல் எதுவும் தெரியவில்லை, சைனஸ் சுத்தம். “படத்துல ஒண்ணும் இல்லம்மா. ஆனா உங்களுக்கு வலி இருக்கு. இது நரம்பு வலி.” எனக்கு அழுகை வந்துவிட்டது.

இரவில் அமிட்ரிப்டிலின், சின்ன அளவில். மனச்சோர்வுக்கும் கொடுக்கிற மருந்துதான், போனில் தேடிப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள், குறைந்த அளவில் நரம்பை அடக்கும் என்று முன்கூட்டியே சொன்னார். குறைய வாரக்கணக்கில் ஆகும், முழுசாகப் போகாமலும் இருக்கலாம், யார் சொன்னாலும் பல்லைப் பிடுங்கக் கொடுக்காதீர்கள் என்றார். வாய் வறள்கிறது. காலையில் தலை கிறுகிறுக்கிறது. வலது பக்கமே மெல்கிறேன், இட்லியைச் சாம்பாரில் ஊறவைத்துத்தான் இறக்குகிறேன், பல்லைக் கடிக்காமல் தாடையைத் தளர்த்தி வைக்கப் பழகுகிறேன். வலி போகவில்லை. ஆனால் ராத்திரி தூங்குகிறேன்.

ஒரு பஞ்சுக் குச்சியும் கொஞ்ச நேரப் பேச்சும்! இதற்காகவா என்னை இத்தனை மாசம் அலையவிட்டீர்கள்? உங்களுக்குத் தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்லியிருந்தால் நான் என்ன உங்கள் சட்டையையா பிடித்திருப்பேன்?

பழைய கிளினிக்குக்கே போய், இது நரம்பு வலியாம் டாக்டர், சிபிசிடியும் எடுத்தாயிற்று என்று ஸ்கேனை மேசையில் வைத்தேன். எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. “நான்தான் அன்னைக்கே சொன்னேனே மேடம், படத்துல ஒண்ணும் இல்லைன்னு!” வெளியே வந்தால் ரிசப்ஷனில் இருக்கிற பெண், போனை நீட்டி, “அக்கா, அப்படியே கூகுள்ல அஞ்சு ஸ்டார் போட்டு விட்டுருங்களேன்” என்கிறாள்.