தலையும் கையும்

1840ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் இங்கிலாந்தில் புழக்கத்திற்கு வந்தது உலகின் முதல் அஞ்சல்தலை. கறுப்பு மையில் அச்சான அச்சிறு தாளில் விளங்கியது விக்டோரியா அரசியின் தலை. அத்தலையை அங்கு அமர்த்தியதோ மாழைத் தொழில்! சார்லசு ஈத்து என்பாரும் அவர் மகனாரும் மென்மையாக்கிய எஃகுத் துண்டில் அவ்வுருவைச் செதுக்கினர். அத்துண்டைக் கடினமாக்கி, எஃகு உருளையொன்றில் அவ்வுருவை வாங்கி, அச்சுத் தகட்டில் 240 முறை அழுத்திப் பதித்தனர். அரசியின் முகம் ஊர்தோறும் சென்றது. எஃகைச் செதுக்கிய கை எவர் கண்ணிலும் படவில்லை.

அன்று தொடங்கிய வழக்கம் எளிதில் மாறிற்றில்லை. 1957இல் அமெரிக்க நாடு தன் எஃகுத் தொழிலின் நூற்றாண்டுக்கு ஓர் அஞ்சல்தலை வெளியிட்டது. அதில் கழுகு உண்டு, உருகிய எஃகை ஊற்றும் கொப்பரை உண்டு, மாந்தன் இல்லை. 1958இல் இந்திய அரசு எஃகுத் தொழிலின் பொன்விழாவுக்கு வெளியிட்ட 15 காசுத் தலையில் சாம்செட்சி தாட்டாவின் உருவமும் ஆலையும் உள்ளன. தாட்டா 1904இலேயே மறைந்தவர். நிறுவனம் தோன்றியது 1907இல்; அங்கு முதல் எஃகு வார்க்கப்பட்டது 1912இல். வித்திட்டவரைப் போற்றுதல் குற்றமன்று. ஆயின், உலைவாயில் நின்று வெந்தவன் எங்கே?

அவனை நினைந்த அஞ்சல்தலைகளும் உள. வாளை அடித்து ஏர்க்கொழுவாக்கும் மாந்தனைச் சிற்பி வுச்செட்டிச் வடித்தார். அச்சிலையைச் சோவியத்து நாடு 1959இல் ஒன்றிய நாடுகள் அவைக்கு வழங்கி, அடுத்த ஆண்டே அஞ்சல்தலையிலும் பொறித்தது. 2013இல் அமெரிக்கா உழைப்பாளர்க்கென 12 அஞ்சல்தலைகளை வெளியிட்டது. அவற்றுள் 11 படங்கள் இலூயிசு ஐன் எடுத்தவை. 1931இல் முடிவுற்ற எம்பயர் சுடேட் மாளிகையின் மேலே இரும்பைப் பற்றவைத்தவனும், தறையாணி அடித்தவர்களும் அவற்றுள் இடம்பெற்றனர். மாளிகை எழுந்து 80 ஆண்டுகட்குப் பின்னரே அவர்கட்கு அவ்விடம் வாய்த்தது. அப்போதும் அவர்தம் பெயர் அத்தாளில் இல்லை.

தமிழ்நாட்டுக் கம்மியர் நிலையும் இதுவே. 1949இல் வெளிவந்த 2 அணாத் தலையில் ஆடல்வல்லான் திருவுரு இருந்தது. மெழுகில் உருச்செய்து, களிமண் பூசி, சூடேற்றி, மெழுகு வடிந்த வெற்றிடத்தில் உருகிய மாழையை ஊற்றி வார்த்த கை, அங்கும் மறைந்தே நின்றது.

அரசுகள் மறந்தன, தமிழ்மொழி மறக்கவில்லை. பொற்கொல்லர் இரு துண்டுகளை இணைக்க இடையே இடும் பொடி, பற்றாசு எனப்படும். இரண்டு குறள் வெண்பாக்களை ஒன்றாக்கி நேரிசை வெண்பா யாக்குங்கால், முதற்குறளின் இறுதி தனிச்சொல்லோடு பொருந்தாவிடின், இடையே ஓரசையோ ஈரசையோ சேர்ப்பர். அவ்வசைக்கு ‘ஆசு’ என்று பெயர். அவ்வெண்பாவுக்கு ‘ஆசிடை நேரிசை வெண்பா’ என்று பெயர். கொல்லன் பட்டறைச் சொல்லை யாப்பிலக்கணத்தின் நடுவே அமர்த்தினர் பண்டைப் புலவர். எந்த அஞ்சல்தலை இதற்கு ஈடாகும்?

அத்தகைய மொழிக்குரியோர் இன்று பட்டறைப் பலகையில் ‘வெல்டிங்’ என்று எழுதி வைக்கின்றனர். பற்றவைப்பு என்னும் சொல் இல்லையா? பற்றவைப்பாளர் என்றால் எவர்க்கு விளங்காது? சொல்லை மாற்றினால் கூலி உயருமோ என்பார் சிலர். சொல்லால் மட்டும் உயராது, உண்மையே. ஆயினும், தன் தொழிலின் பெயரையே தன் மொழியில் அறியாதவன், அத்தொழிலின் நுட்பத்தையும் பிறன் மொழியிலேயே தேடி அலைவான். பிறன் ஏவல் கேட்டே நிற்பான். தொழிலறிவு தாய்மொழியில் வாய்த்தாலன்றித் தொழிலாளி தலைநிமிர்தல் அரிது.

அஞ்சல்தலையில் எவன் தலையைப் பொறிப்பது என்பது அரசின் கையில் உள்ளது. பட்டறைப் பலகையில் எச்சொல்லை எழுதுவது என்பது தமிழன் கையில் உள்ளது. அக்கை முதலில் தமிழ் எழுதுக!