நேர் சாலை விரிக்கும் தூக்க வலை!

பள்ளிபாளையத்துத் தறிக்கூடத்திலே இரவு ஷிப்ட் பார்த்த தோழருக்கு நாம் சொல்லப்போவது புதிதல்ல. மணி மூன்று. தறிகள் ஒரே தாளத்திலே அடித்துக்கொண்டிருக்கின்றன. கண் திறந்திருக்கிறது; கால் நின்றுகொண்டிருக்கிறது; ஆள் மட்டும் அங்கே இல்லை! இழை அறுந்ததும் தெரியவில்லை, துணியிலே கோடு விழுந்ததும் தெரியவில்லை. மேஸ்திரி போடுகிற கூச்சலிலேதான் உயிர் திரும்புகிறது. கூலியிலே கொஞ்சம் பிடிப்பார்கள். அதோடு போயிற்று.

அந்தத் துணியைப் பேல் பேலாக ஏற்றிக்கொண்டு வடக்கே போகிற லாரி ஓட்டுநருக்கு அதே மூன்று மணிக்கு அதே மயக்கம் வந்தால்? பிடிக்கப்படுவது கூலியா?

சேலம், நாமக்கல் சீமைக்கு இது ஊரார் கதையல்ல, வீட்டுக் கதை. நாமக்கல்லிலே லாரிக்குப் பாடி கட்டுகிறார்கள். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியாவெங்கும் போய் ஆழ்துளைக் கிணறு போடுகின்றன. வாரக்கணக்கிலே தகப்பன் முகம் காணாத பிள்ளைகள் இந்தப் பக்கத்திலே தெருவுக்குத் தெரு உண்டு. கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் வரை 3,700 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிற 44-ஆம் எண் நெடுஞ்சாலை நாமக்கல்லையும் சேலத்தையும் தொட்டுக்கொண்டுதான் போகிறது.

அந்தச் சாலையிலே பயம் எங்கே என்று கேட்டால், எல்லோரும் தொப்பூர் கணவாயைத்தான் காட்டுவார்கள். உண்மைதான், அங்கே போன உயிர்கள் ஏராளம். ஆனால் அது சரிவின் கதை, பிரேக்கின் கதை. கணவாயிலே எந்த ஓட்டுநரும் கண்ணயர்வதில்லை. வளைவு அவரை விழிக்க வைக்கிறது. வளைவே இல்லாத இடத்திலேதான் வம்பு! நேரான பாதை, ஒரே வேகம், எஞ்சினின் ஒரே முனகல், விளக்கு வெளிச்சத்திலே ஓயாமல் ஓடிவரும் வெள்ளைக் கோடு. கைக்கு வேலையில்லை, கண்ணுக்குப் புதுமையில்லை. கண் திறந்தபடியே மனம் உறங்கிவிடுகிறது. கடந்த பத்து மைல் எப்படிக் கடந்தது என்று ஓட்டுநருக்கே நினைவிருக்காது. இதற்கு 1963-இலேயே வில்லியம்ஸ் என்ற ஆராய்ச்சியாளர், சாலை செய்கிற மனோவசியம் என்று பெயர் வைத்துவிட்டார். பின்னிரவு இரண்டு மணியிலிருந்து விடியும் வரை உடம்பே உறக்கம் கேட்கிற நேரம். இரண்டும் சேர்ந்தால் கேட்க வேண்டுமா? 80 கிலோமீட்டர் வேகத்திலே ஓடுகிற வண்டி ஒரு விநாடியிலே 22 மீட்டர் போகிறது. மூன்று விநாடி இமை மூடினால் 66 மீட்டர், ஓட்டுவார் இல்லாமலே ஓடுகிறது!

கிரேட்டர் நொய்டாவிலிருந்து ஆக்ரா வரை 165 கிலோமீட்டர் யமுனா விரைவுச் சாலையை 2012-இலே திறந்தார்கள். 2019 ஜூலை 8-ஆம் நாள் விடியுமுன் லக்னோவிலிருந்து டில்லிக்குப் போன பேருந்து ஆக்ரா அருகே அந்தச் சாலையிலிருந்து கால்வாயிலே விழுந்தது. 29 பேர் மாண்டனர். ஓட்டுநர் கண்ணயர்ந்தார் என்றார்கள். ஏன் அயர்ந்தார் என்றுதானே அடுத்த கேள்வி? அதற்குள் ஏட்டை மூடிவிடுவது வழக்கமாகிவிட்டது! நாகபுரியையும் மும்பையையும் இணைக்கிற 701 கிலோமீட்டர் சாலை 2025-இலே முழுமையாகத் திறக்கப்பட்டது. இன்னும் நேரான சாலைகள் வரும். வரட்டும், வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவிலே 146 கிலோமீட்டருக்கு வளைவே இல்லாத ஒரு சாலை உண்டு. சவூதிப் பாலைவனத்திலே அதைவிட நீளமானதும் உண்டு. அங்கே கனரக வண்டி ஓட்டிவிட்டு வந்த நம்மூர்த் தோழர்களைக் கேளுங்கள், மணலும் தாரும் சேர்ந்து தாலாட்டுகிற கதையைச் சொல்வார்கள்.

சட்டம் இல்லையா? 1961-இலேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்தது. நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி; நெடுந்தூரத்துக்கு 10 மணி வரை; ஐந்து மணி வேலைக்குப் பிறகு அரைமணி ஓய்வு. அழகான எழுத்து! ஆனால் ஐந்து தொழிலாளருக்குக் குறையாமல் வைத்திருக்கிற நிறுவனத்துக்கே அது என்று வாசலிலேயே தாழ்ப்பாள். ஒற்றை வண்டி வைத்து, கடன் தவணைக்கு வண்டியோடு தன்னையும் ஓட்டுகிறவருக்கு அது எட்டவில்லை. 2020-இலே நிறைவேறிய தொகுப்புச் சட்டத்துக்குள் அதையும் சேர்த்துக் கட்டினார்கள். எந்த ஏட்டிலே இருந்தாலும், ஓட்டிய நேரத்தை எண்ணுகிறவர் யார்? ஐரோப்பாவிலே நாலரை மணி ஓட்டினால் முக்கால் மணி நிறுத்தியாக வேண்டும்; வண்டியிலேயே பொருத்திய கருவி கணக்கெழுதுகிறது. இங்கே சுங்கச் சாவடிதோறும் வண்டி எப்போது வந்தது, எப்போது போனது என்று நிமிடக் கணக்கு பதிவாகிறது. காசு வாங்க உதவுகிற கணக்கு, உயிரைக் காக்க உதவாதா?

நம்மவர்களையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறோம். “நாகபுரியிலிருந்து ஒரே மூச்சிலே வந்தேன்” என்று டீக்கடையிலே மார்தட்டுகிறாரே ஒரு தோழர், அவரைப் பார்த்துச் சபாஷ் போடுகிறோமே, அது சரிதானா? சரக்கு நேரத்திலே வரவில்லை என்று வாடகையிலே வெட்டுகிறவர் அந்தச் சபாஷிலேதான் குளிர்காய்கிறார். முன்பெல்லாம் பேச்சுத் துணைக்காவது ஒரு கிளீனர் இருந்தான். செலவைக் குறைக்கிறோம் என்று பல வண்டிகளிலே அவனையும் இறக்கிவிட்டார்கள். இப்போது ஓட்டுநர், முகத்திலே அடித்துக்கொள்ளத் தண்ணீர்ப் பாட்டில், எதிரே முடிவில்லாத கோடு!

நெடுந்தூர வண்டிக்கு இரண்டு ஓட்டுநர். இருவருக்கும் முழுக் கூலி. அதைத் தாங்குகிற வாடகை. சுங்கம் வாங்குகிற சாலையிலே, கால் நீட்டிப் படுக்கவும் குளிக்கவும் காவலோடு வண்டியை நிறுத்தவும் காசில்லாத இடம். வண்டியைவிட்டு இறங்கினால் டீசல் போய்விடும், தார்ப்பாய் அறுந்துவிடும் என்று பயந்துதானே நம் ஆட்கள் உறங்காமல் ஓட்டுகிறார்கள்! இவற்றை ஆளவந்தார்களிடம் கேட்க வேண்டும், கேட்போம்.

அதுவரை, பள்ளிபாளையத்திலே பேல் ஏற்றுகிற சுமைத் தொழிலாளத் தோழர்கள் தார்ப்பாய்க் கயிற்றை இறுக்குமுன் கேபினை ஒருமுறை எட்டிப் பார்க்கட்டும். ஒரே ஆள்தான் இருக்கிறார் என்றால், இன்னொருவர் எங்கே என்று அந்த இடத்திலேயே வாய்விட்டுக் கேட்கட்டும்.