இளைஞரின் தேர்வும் சாரதியின் உரிமையும்

மாலை வேளையில் கொட்டாஞ்சேனையில் நிற்போர் ஒரு காட்சியைக் காண்பர். தரிப்பிடத்திலே நான்கைந்து முச்சக்கரவண்டிகள் பிரயாணிகளை எதிர்நோக்கி நிற்கும். பத்தடி அப்பால் வேலைவிட்டு வந்த தமிழ்ப் பெண்ணொருத்தி, கைத்தொலைபேசியை நோக்கியவண்ணம், வெள்ளவத்தைக்கு வேறொரு வண்டியை அழைத்துக்கொண்டிருப்பாள். 'சோம்பேறித் தலைமுறை' என்று நம் பெரியோர் சிலர் ஏசுகின்றனர். நாம் ஏச மாட்டோம்.

பிக்மீ, ஊபர் எனும் இரு நிறுவனங்களும் 2015ஆம் ஆண்டில் கொழும்பில் கால்வைத்தன. ஏறுமுன்னரே கட்டணம் தெரிகின்றது. சாரதியின் பெயரையும் வண்டி இலக்கத்தையும் வீட்டாருக்கு அறிவிக்கலாம். இவற்றினும் பெரிய காரணமொன்றுண்டு. அதனை வெளிப்படையாகக் கூறுவார் குறைவு. தரிப்பிடத்தில் விலை பேச வாய் திறந்ததும் மொழி வெளிப்பட்டுவிடும். தடுமாறும் சிங்களத்தைக் கேட்டவுடன் கட்டணம் ஏறிய அநுபவம் நம்மவர் பலருக்குண்டு, நமக்கும் உண்டு. கைத்தொலைபேசியோ, விலை சொல்லுமுன் எவருடைய உச்சரிப்பையும் சோதிப்பதில்லை. தமிழும் அரசகரும மொழியென 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் கூறிற்று. அச்சட்டம் வீதியோரத்தில் தராத நிம்மதியை ஒரு வணிக நிறுவனம் தருகின்றதெனின், வெட்கப்பட வேண்டியவள் அப்பெண் அல்லள்.

பஸ் இருக்கின்றதே என்பர். இருக்கின்றது, கட்டணமும் குறைவு. 1958 சனவரி 1ஆம் நாள் பஸ் சேவையை அரசு பொறுப்பேற்றபோது, இலாபத்துக்கன்றி மக்களுக்காக வண்டி ஓடும் என்றனர். இன்று அந்த நெரிசலில் பெண்கள் படும் தொல்லையை ஓரிருவரின் முறைப்பாடு என்று ஒதுக்கிவிட முடியுமா?

இனிச் சாரதியின் பக்கம் வருவோம். அதே 1958இல்தான் ஊழியர் சேமலாப நிதிச் சட்டமும் பிறந்தது. இன்று வேலைகொள்வோர் ஊழியரின் சம்பளத்தில் 12 வீதத்தை அந்நிதிக்குச் செலுத்தக் கடமைப்பட்டுள்ளனர். செயலிவழி ஓடும் சாரதிக்கு அதிற் சதமுமில்லை. ஏன்? ஒப்பந்தத்தின்படி அவர் ஊழியரல்லர். சுயாதீனமாகத் தொழில் செய்பவராம்! கட்டணத்தை நிர்ணயிப்பது நிறுவனம். கழிவை எடுப்பது நிறுவனம். வேண்டாமெனின் கணக்கை முடக்குவதும் நிறுவனம். இதில் சுயாதீனம் எங்கேயுள்ளது?

இவ்வினாவையே இலண்டனில் ஊபர் சாரதிகள் எழுப்பினர். எழுதிய ஒப்பந்தத்தை மட்டும் பார்த்தல் போதாது, உண்மையில் அதிகாரம் எவர் கையிலென்று பார்க்க வேண்டும் எனப் பிரித்தானிய உயர்நீதிமன்றம் 2021 பெப்ரவரி 19ஆம் நாள் தீர்ப்பளித்தது. ஆகக்குறைந்த ஊதியமும் சம்பளத்துடன் கூடிய விடுமுறையும் சாரதிகளின் உரிமையாயின. அத்தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது என்பதறிவோம். நம் பாராளுமன்றத்தை எது தடுக்கின்றது?

தரிப்பிடச் சாரதியும் செயலிச் சாரதியும் பகைவர் என்பாருளர். பல வேளைகளில் இருவரும் ஒருவரே! 2022இல் வாரத்துக்கு 5 லீற்றர் பெற்றோலுக்காக ஒரே வரிசையில் நின்றவர்கள் அவர்கள். ஆதலின் நாம் கோருவன இரண்டு. தரிப்பிடந்தோறும் கட்டணப் பட்டியல் மும்மொழியிலும் தொங்க வேண்டும். மீற்றர் ஓட வேண்டும். செயலிச் சாரதிக்குச் சேமலாப நிதியும் விபத்து நட்டஈடும் சட்டத்தால் உறுதியாக்கப்பட வேண்டும். அடுத்த தேர்தலில் வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் வாக்குக் கேட்டு வருவோரிடம் இவ்விரண்டையும் நாம் கேட்போம்.