கிளட்ச் மூடியில் எண்ணெய் கசிகிறதா?

காலையில் மோட்டார் சைக்கிளை வெளியே தள்ளும்போது, அது நின்ற இடத்தில் ஒரு கரும்புள்ளி கிடக்கிறதா? அதன்மேல் மண்ணைப் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விடாதீர்கள். நம்மவர்கள் அதிகம் ஓட்டுவது ஹோண்டா சி70, இஎக்ஸ்5 போன்ற கப்சாய் வண்டிகள். இவற்றின் இயந்திரத்தில் இருக்கும் எண்ணெய் ஏறத்தாழ 0.7 லிட்டர்தான். அதில் கால் லிட்டர் ஒழுகிப் போனால் மிச்சம் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் பாருங்கள். எண்ணெய் வற்றினால் பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொள்ளும். செலவும் நூற்றுக்கணக்கான வெள்ளியில் போய் நிற்கும். பின்சக்கரத்தில் எண்ணெய் பட்டால் ஆபத்து இன்னும் பெரிது. மழை பெய்த செம்மண் சரிவில், பின்னால் பிள்ளையை வைத்துக்கொண்டு இறங்குகிறவர்கள் இதை நன்கு அறிவார்கள்.

முதலில் கசிவு எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். எண்ணெய் கீழே வழிந்து காற்றில் பின்னால் பரவும். ஆகவே, சொட்டுகிற இடமும் கசிகிற இடமும் ஒன்றாக இருப்பதில்லை. இயந்திரம் ஆறிய பிறகு மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, மூடியின் விளிம்பில் முகப்பவுடரைத் தூவுங்கள். சிறிது தூரம் ஓட்டி வந்து பார்த்தால், பவுடர் நனைந்த இடங்களில் ஆக மேலே உள்ளதுதான் குற்றவாளி. மூடியின் விளிம்பு நெடுக ஈரம் இருந்தால் கேஸ்கெட் போய்விட்டது. கிக்ஸ்டார்ட்டர் தண்டைச் சுற்றி மட்டும் ஈரம் என்றால் அது ஆயில் சீல். கேஸ்கெட் மாற்றிப் பயனில்லை. சிலிண்டர் தலைக்கு அடியிலிருந்து கசிந்தால் வண்டியைப் பட்டறைக்கு அனுப்பிவிடுங்கள். அங்கே டைமிங் சங்கிலி இருக்கிறது. வீட்டு வேலை அல்ல.

இங்கே நாம் பார்ப்பது வலப்பக்கக் கிளட்ச் மூடி. உங்கள் வண்டியின் மாடலைச் சொல்லி, அதற்குரிய கேஸ்கெட்டை வாங்கிய பிறகே ஸ்பானரை எடுங்கள். பிஸ்கெட் பெட்டி அட்டையை வெட்டிப் போடும் வழக்கம் நம்மிடம் உண்டு. கைத்திறமைதான், மறுக்கவில்லை. ஆனால் அட்டை எண்ணெயில் ஊறிப் பிய்ந்துவிடும்; தடிப்பும் சரியாக இருக்காது.

எண்ணெயை வடித்துவிட்டுப் புகைக்குழாய், கால்மிதிக் கம்பி, கிக்ஸ்டார்ட்டர் மூன்றையும் கழற்றுங்கள். கிக்ஸ்டார்ட்டர் போல்ட்டைத் தளர்த்தினால் மட்டும் போதாது, முழுவதும் உருவ வேண்டும். மூடியின் போல்ட்டுகள் ஒரே நீளமானவை அல்ல. ஓர் அட்டையில் மூடியின் வடிவத்தை வரைந்து, எந்த போல்ட் எங்கிருந்து வந்ததோ அங்கேயே குத்தி வையுங்கள். நீளமானதைக் குட்டைத் துளையில் முறுக்கித்தான் பலர் அலுமினியத்தை உடைக்கிறார்கள்.

மூடி ஒட்டிக்கொண்டிருந்தால் இடுக்கில் திருப்புளியை விட்டு நெம்பாதீர்கள். ஒரு கீறல் விழுந்தாலும் புதுக் கேஸ்கெட் கசியும். மரக்கட்டையால் சுற்றிலும் மெல்லத் தட்டினால் விட்டுவிடும். கிளட்சைத் தள்ளும் சிறு பாகங்களும் ஸ்பிரிங்கும் கூடவே விழக்கூடும். அடியில் ஒரு தட்டை வைத்து, அவை இருந்த வரிசையைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு சிறு குழல் பின்களும் தொலையாமல் பத்திரமாக இருக்கட்டும்.

இனிப் பொறுமை வேண்டும். பாதி வேலை சுரண்டுவதில்தான் இருக்கிறது. திறந்த இயந்திரத்தைச் சுத்தமான துணியால் அடைத்துவிட்டு, பழைய கேஸ்கெட்டைத் தின்னரால் ஊறவைத்து, பிளாஸ்டிக் துண்டால் சுரண்டுங்கள். விரல் நகத்தால் தடவும்போது எங்கும் தடங்கக்கூடாது. மூடி திறந்திருக்கும்போதே அடியில் உள்ள எண்ணெய்ச் சல்லடையை உருவிக் கழுவிவிடுங்கள். இந்த வாய்ப்பு அடிக்கடி வராது.

புதுக் கேஸ்கெட்டைப் பின்களில் மாட்டி மூடியைப் பொருத்துங்கள். சிலிக்கான் பசையை அப்ப வேண்டாம். உள்ளே பிதுங்கும் பசை உதிர்ந்து, நீங்கள் கழுவிய அதே சல்லடையை அடைக்கும். போல்ட்டுகளை எல்லாம் முதலில் கையால் திருகி, பிறகு எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றாக இறுக்குங்கள். இவை 8 மில்லி ஸ்பானர் போல்ட்டுகள். மணிக்கட்டு பலமே போதும், தோள் பலம் வேண்டாம்.

எண்ணெய், மோட்டார் சைக்கிளுக்கு உரியதாகவே இருக்கட்டும். இதன் கிளட்ச் எண்ணெயில் மூழ்கி ஓடுவது. சில கார் எண்ணெய்களை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, சற்றுப் பொறுத்து அளவுகோலால் பாருங்கள். கோலைத் திருகாமல் செருகிப் பார்க்க வேண்டும். கியர் மாற்றும்போது முரண்டு பிடித்தால் மூடியில் உள்ள கிளட்ச் திருகைச் சரிசெய்யுங்கள்: நட்டைத் தளர்த்தி, திருகை வலமாக ஒரு சுற்று சுற்றி, பிறகு தடை தெரியும்வரை இடமாகத் திருப்பி, அங்கிருந்து வலமாக எட்டில் ஒரு பங்கு திருப்பி, நட்டை இறுக்குங்கள்.

வடித்த எண்ணெயைச் சாக்கடையிலோ மரத்தடியிலோ கொட்டாதீர்கள். போத்தலில் அடைத்து, அடுத்த முறை பட்டணம் போகும்போது பட்டறையில் கொடுத்துவிடுங்கள். பழைய எண்ணெயைச் சேர்த்து வைக்கும் பட்டறைகள் வாங்கிக்கொள்ளும்.