உப்பிட்டவர் யார்? அள்ளப்போவது யார்?



'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்று பெரியவங்க சொல்லி வச்சாங்க. இந்தப் பழமொழியை நம்ம நொய்யல் கரை விவசாயிகள் மாதிரி வேறு யாரும் கடைப்பிடிக்க முடியாது! தன் கிணற்றுக்கு உப்பிட்டவர்களை அவர்கள் இன்றைக்கும் நினைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக வந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு சேரும் ஆறு நொய்யல். அதன் குறுக்கே 1992-ல் ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்காகத் திறக்கப்பட்டது. சில வருஷத்திலேயே அது சாயக்கழிவு தேங்கும் குட்டை ஆகிப்போச்சு. 'தண்ணி விடுங்க' என்று கேட்க வேண்டிய விவசாயிகள், 'விட்றாதீங்க சாமி' என்று கும்பிட்ட அணை உலகத்திலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும்!

விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். ஒரு சொட்டுக் கழிவும் வெளியே வரக்கூடாது என்று 2006 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது. 2009-ல் உச்சநீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அப்படியும் நடக்கவில்லை. 2011 ஜனவரி 28-ல் எல்லா சாயப்பட்டறைகளையும் மூட உத்தரவு வந்தது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள்! அதன்பிறகு, கழிவுநீரை முழுசாகச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் ஏற்பாடு செய்தவர்கள்தான் படிப்படியாகத் திறந்தார்கள்.

இதோடு பிரச்சினை தீர்ந்தது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். குழாயை மூடுவது ஒரு வேலை. வீட்டுக்குள் நிற்கும் தண்ணியைத் துடைப்பது இன்னொரு வேலை. முதல் வேலையைக் கோர்ட் செய்ய வைத்தது. இரண்டாவதை யார் செய்வது?

கொஞ்சம் கணக்குப் போடுவோம். பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பு வேணும். அடர்ந்த கலருக்கு லிட்டருக்கு 60, 70 கிராம் வரைக்கும் போடுவார்கள். ஒரு கிலோ துணிக்கு எட்டு லிட்டர் சாயத்தண்ணி என்று வைத்துக்கொண்டால், ஏறக்குறைய அரைக்கிலோ உப்பு! சாயத்தைத் துணி குடிக்கும், உப்பைக் குடிக்காது. அத்தனையும் வெளியே வந்தாக வேண்டும். ஆரம்பகாலச் சுத்திகரிப்பில் சுண்ணாம்பும் இரும்பு உப்பும் போட்டுக் கலரை எடுத்தார்கள். தண்ணி பார்க்கத் தெளிவாக இருக்கும். உப்பு அப்படியே இருக்கும்.

மண்ணில் கொட்டிய எண்ணெயை நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கும். கொடைக்கானலில் 2001-ல் மூடிய தெர்மாமீட்டர் தொழிற்சாலை விட்டுப்போன பாதரசத்துக்கு, மண்ணைக் கழுவி, சூடேற்றிப் பிரிக்கும் முறையைக் கையில் எடுத்தார்கள். உப்பை எந்தப் பூச்சியும் தின்னாது, எந்த அடுப்பும் எரிக்காது. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்த மட்டும்தான் முடியும். நம்ம ஊர்ப் பிரச்சினையின் முடிச்சே இங்கேதான் இருக்கு.

சோடியம் ஏறிய மண் இறுகிப்போகும். தண்ணி உள்ளே இறங்காது. அதுக்கு ஜிப்சம் போடணும். ஜிப்சத்தில் உள்ள கால்சியம், சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழலாம். பிறகு நல்ல தண்ணி பாய்ச்சி உப்பைக் கழுவணும். கழுவின உப்பு எங்கே போகும்? வடிகால் இல்லையென்றால் நேரே கிணற்றுக்கு! கிணற்றுத் தண்ணியை இறைத்து ஆர்.ஓ. போட்டால் நல்ல தண்ணி ஒரு பக்கம், அதைவிடக் கொடிய உப்புத் தண்ணி மறுபக்கம். அதை ஆவியாக்க மின்சாரமும் விறகும் வேணும். நம்ம பூமிக்கு அடியில் இருப்பதோ பாறை. அதன் வெடிப்புகளில் ஊறிய உப்பு சீக்கிரத்தில் வெளியேறாது. ஆறு தெளிந்துவிட்டதால் கிணறும் தெளிந்துவிட்டது என்று யாரும் சொல்ல வேண்டாம்.

எங்க அப்பா விவசாயத்தை விட்டது நான் பிறப்பதற்கு முன்னாடி. கிணத்துத் தண்ணியில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. தென்னை மட்டும் தாக்குப்பிடித்தது. இன்றைக்கு அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார். குடும்பத்தில் முதல் ஆளாக நான் படிக்க வந்ததும், ஃபீஸ் கட்டுவதும் அந்தச் சம்பளத்தில்தான். அதனால் பனியன் தொழிலே வேண்டாம் என்று எழுத எனக்கு மனசு வராது. நம்ம கிளாஸில் பாதிப்பேர் வீட்டில் இதே நிலைமைதானே? விவசாயியா, பனியனா என்று கட்சி பிரிப்பதை விட்டுவிட்டு, செலவை யார் ஏற்பது என்று பேசுவோம்.

அதற்கும் பதில் இருக்கிறது. வேலூர் தோல் தொழிற்சாலை வழக்கில் 1996-லேயே உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது: கெடுத்தவர்தான் செலவை ஏற்கணும், பாதிக்கப்பட்டவருக்கு நஷ்டஈடு மட்டும் போதாது, கெட்டுப்போன சூழலைச் சீர்செய்யும் செலவும் அவர் தலையில்தான். நஷ்டஈடு வாங்கிய கை காலியாகிவிட்டது. கிணறு இன்னும் உப்பாகவே இருக்கிறது. மலிவு விலைக்கு பனியன் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்கும் இந்தச் செலவில் பங்கு உண்டு என்பது என் கருத்து.

என் யோசனை மூன்று. ஒன்று, ராத்திரியிலும் மழையிலும் களவாகத் திறந்துவிடுவது அடியோடு நிற்கணும். ஒழுகுற வீட்டைத் துடைத்து என்ன பயன்? இரண்டு, நொய்யலோடு சேர்ந்த பழைய குளங்களைத் தூர்வாரி மழைத் தண்ணியை நிரப்பணும். நல்ல தண்ணி இறங்க இறங்கத்தான் அடியில் உப்பு நீர்க்கும். இதைவிடச் செலவு குறைந்த வைத்தியம் கிடையாது. மூன்று, ஒவ்வொரு கிணற்றையும் அளக்கணும். குடிதண்ணியில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்கணும்; வேறு வழியே இல்லாவிட்டால் 2000 வரை என்கிறது இந்தியத் தர நிர்ணயம். நம்ம கிணறு எத்தனை?

மூன்றாவது வேலைக்கு கோர்ட் உத்தரவு வேண்டாம். உப்பு அளக்கும் சின்ன மீட்டர் போதும். சிவில்காரன் வரைபடம் போடட்டும், டெக்ஸ்டைல்காரன் தண்ணியைச் சோதிக்கட்டும், கம்ப்யூட்டர்காரன் கணக்கு வைக்கட்டும். கோடையில் ஒருமுறை, மழை முடிந்து ஒருமுறை, நம்ம ஊர்க் கிணறுகளை நம்ம மாணவர் சங்கமே அளந்து, அடுத்த வருஷ மலரில் அச்சடிப்போம். கையில் கணக்கு இருந்தால்தான் 'அள்ளு' என்று கேட்க முடியும்.

மனசு வைப்போமா நண்பர்களே?