கரும்பலகை ஸ்மார்ட் போர்டு ஆகிவிட்டது, சாதி என்ன ஆனது?

ஜூன் மாதம் பள்ளி திறந்தால் போதும், 'ஆசிரியர்கள் தவறவிடக் கூடாத 10 செயலிகள்', 'வகுப்பறையை மாற்றப்போகும் 5 தொழில்நுட்பங்கள்' என்று பட்டியல்கள் வரிசையாக வந்துவிடும். எது இலவசம், எது வேகமானது, எதில் வினாத்தாள் சீக்கிரம் தயாராகும் என்று எல்லாம் சொல்வார்கள். இந்தக் கருவி எந்தச் சமூகத்தின் வகுப்பறைக்குள் நுழைகிறது என்பதை மட்டும் ஒரு பட்டியலும் கேட்பதில்லை.

வகுப்பறைக்குள் வந்த பழைய கருவிகளில் ஒன்று கரும்பலகை. பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்லி ஆசிரியர் ஒரு மாணவனைக் கரும்பலகைக்கு அழைத்தார். உடனே வகுப்பில் கூச்சல். பலகைக்குப் பின்னால் சாதி இந்து மாணவர்கள் தங்கள் சாப்பாட்டுப் பாத்திரங்களை வைத்திருந்தார்கள். அவன் பலகையை நெருங்கினால் சோறு தீட்டாகிவிடுமாம். ஓடிப்போய்ப் பாத்திரங்களை அப்புறப்படுத்திய பிறகுதான் அந்த மாணவனால் சாக்பீஸைத் தொட முடிந்தது. பீமராவ் என்ற அந்த மாணவன்தான் பின்னாளில் பாபாசாகேப் அம்பேத்கர்.

பலகைக்குச் சாதி தெரியாது. ஆனால் பலகைக்குப் பின்னால் பாத்திரம் இருந்தது. இன்று பலகை திரையாகிவிட்டது. அந்தப் பாத்திரங்கள் எங்கே போயின என்பதுதான் கேள்வி.

என் ஆய்வுக்காகச் சில ஆண்டுகளாக அரசுப் பள்ளிகளுக்கும் உதவிபெறும் பள்ளிகளுக்கும் போய்வருகிறேன். ஒரு சிறுநகரப் பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். 10ஆம் வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழு. சேர்த்திருப்பது பெற்றோரின் எண்கள். படிப்பது பெரும்பாலும் பிள்ளைகள். ஒருநாள் மாலை வகுப்பாசிரியர் அதில் ஒரு பட்டியலைப் படமெடுத்துப் போட்டார். பட்டியலின மாணவர் கல்வி உதவித்தொகைக்கு வங்கிக் கணக்கை இன்னும் இணைக்காதவர்கள் என்று 17 பேர். பெயர், அப்பா பெயர், சாதி, கணக்கு நிலவரம் எல்லாம் அதில் இருந்தன. 'நாளைக்குள் முடிக்கவும்' என்று கீழே ஒரு வரி.

அந்த ஆசிரியர் கெட்டவர் அல்லர். மேலிருந்து நெருக்கியிருக்கிறார்கள், பிள்ளைகளுக்குப் பணம் போய்ச் சேரவேண்டும் என்ற அக்கறையும் அவருக்கு இருந்தது. இரண்டு மணி நேரம் கழித்து யாரோ எடுத்துச் சொல்ல, அந்தப் படத்தை அழித்தார். அதற்குள் அது எத்தனை போன்களில் சேமிக்கப்பட்டதோ யாருக்கும் தெரியாது. மறுநாளிலிருந்து அந்த வகுப்பில் '17' ஒரு பட்டப்பெயர் ஆனது. "டேய், நீ 17ல இருக்கியா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள்.

அந்த 17 பேரில் ஒருவனின் குடும்பம் கிராமத்தை விட்டு நகரத்துக்கு வந்து, சாதியைச் சொல்லாமல் ஒரு தெருவில் வாடகைக்குக் குடியிருந்தது. வீட்டு உரிமையாளரின் மகளும் அதே வகுப்பு, அதே குழு. அடுத்த மாதம் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். சொந்தக்காரப் பையன் வரப்போகிறான் என்று காரணம் சொன்னார்கள். "நெசமாவே அவங்க வீட்டுப் பையன் வந்தாலும் வந்திருப்பான் தம்பி, நாம என்னத்தக் கண்டோம்" என்றார் அந்த அம்மா. பிறகு, "அந்தக் காசு இனிமே வேணாம்னு சொல்லிட்டான் என் மவன்" என்றார்.

ஆசிரியரிடம் இதைப் பேசியபோது, "யார் யார் என்ன சாதின்னு எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே சார்?" என்று கேட்டார். தெரிந்திருப்பது வேறு, பள்ளிக்கூடமே பட்டியல் போட்டு 60 வீடுகளுக்கு அனுப்புவது வேறு. முன்பு இந்த விவரம் தலைமையாசிரியர் அறை அலமாரியில், ஒரு பதிவேட்டுக்குள் கிடந்தது. அதைப் பார்க்க ஒருவர் எழுந்து போய், பூட்டைத் திறந்து, பக்கத்தைப் புரட்ட வேண்டும். இப்போது ஒரு விரல் போதும். கருவி புதிதாக ஒரு சாதியையும் உண்டாக்கவில்லை. இருந்த சாதிக்குக் கால் முளைக்க வைத்திருக்கிறது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனும் அவன் தங்கையும் உடன் படித்த ஆதிக்கச் சாதி மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே.சந்துரு ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வருகைப் பதிவேட்டில் மாணவரின் சாதி விவரம் இருக்கக் கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. கையில் கட்டும் வண்ணக் கயிற்றைப் பற்றியும் அது பேசியது. உடனே கயிறு கட்டுவது எங்கள் உரிமை என்று கிளம்பியவர்கள் யார் என்று நமக்குத் தெரியும். கயிற்றுக்கும் காகிதப் பதிவேட்டுக்குமே இவ்வளவு போராட வேண்டியிருக்கிறது. கயிற்றை அவிழ்த்த கை, போனில் சாதித் தலைவர் படத்தை ஸ்டேட்டஸாக வைக்கிறது. பதிவேட்டிலிருந்து சாதியை எடுத்த பள்ளி, எக்செல் கோப்பாக அதைக் குழுவில் போடுகிறது.

இங்கே ஒரு தவறான முடிவுக்குப் போய்விடக் கூடாது. 'அப்படியென்றால் சாதியையே கேட்காதீர்கள், விவரமே வேண்டாம்' என்று சொல்ல நல்லவர்கள் சிலர் காத்திருக்கிறார்கள். அது நம் கோரிக்கை அல்ல. எத்தனை தலித் பிள்ளைகள் சேர்ந்தார்கள், எத்தனை பேர் பாதியில் நின்றார்கள், யாருக்கு உதவித்தொகை வரவில்லை என்று தெரிய வேண்டுமானால் சாதி விவரம் வேண்டும். கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் அது இருப்பது இந்தக் கணக்குக்காகத்தான். கணக்கெடுப்பு ஒடுக்கப்பட்டவரின் ஆயுதம். கணக்கை மறைக்கச் சொல்பவர்கள் தங்கள் பங்கை மறைக்கச் சொல்கிறார்கள். அரசுக்குக் கணக்கு தெரியட்டும். ஆனால் பக்கத்து பெஞ்சுப் பையனுக்கும் வீட்டு உரிமையாளருக்கும் தனியார் செயலிக் கம்பெனிக்கும் அது ஏன் தெரிய வேண்டும்?

சட்டம் என்ன செய்கிறது? 2019இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதா, சாதி அல்லது பழங்குடி விவரத்தைக் கூடுதல் பாதுகாப்பு தேவைப்படும் நுண்ணிய தரவு என்று வகைப்படுத்தியது. 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்த வகைப்பாடே இல்லை. செல்போன் எண்ணும் சாதியும் அந்தச் சட்டத்தின் கண்ணுக்கு ஒன்றுதான். செல்போன் எண் வெளியே போனால் விளம்பர அழைப்பு வரும். சாதி வெளியே போனால் வீடு போகும். இந்த வித்தியாசம் தெரியாத ஒருவர் சட்டம் எழுதியிருக்கிறார், அல்லது தெரிந்தே எழுதியிருக்கிறார்.

அடுத்தது, கருவி யார் கையில் இருக்கிறது என்பது. 2017-18 தேசிய மாதிரி ஆய்வின் 75ஆவது சுற்றின்படி இந்தியக் கிராமப்புற வீடுகளில் கணினி இருந்தது 4.4 விழுக்காட்டில், இணைய வசதி இருந்தது 14.9 விழுக்காட்டில். இந்த நிலையில்தான் 2020இல் கொரோனா வந்து, வகுப்பறை போனுக்குள் போனது. அந்த ஜூன் 1ஆம் தேதி, கேரளத்தில் ஆன்லைன் வகுப்பு தொடங்கிய முதல் நாளிலேயே, மலப்புரம் மாவட்டத்தில் 9ஆம் வகுப்பு தலித் மாணவி ஒருவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வீட்டில் டிவி பழுதாகிக் கிடந்தது, ஸ்மார்ட்போன் இல்லை, அப்பா கூலித் தொழிலாளி. எழுத்தறிவில் முன்னணியில் இருக்கும் மாநிலத்தில் இது நடந்தது.

'அது பழைய கதை, இப்போது எல்லார் வீட்டிலும் போன் இருக்கிறது' என்பார்கள். வீட்டில் இருக்கிறது, பிள்ளை கையில் இருக்கிறதா? ஏசர் 2024 அறிக்கையின்படி கிராமப்புறங்களில் ஸ்மார்ட்போனைப் பயன்படுத்தத் தெரிந்த 14 முதல் 16 வயதுள்ளவர்களில் சொந்தமாகப் போன் வைத்திருப்பவர்கள் பையன்களில் 36.2 விழுக்காடு, பெண்களில் 26.9 விழுக்காடு. மற்றவர்கள் யாரிடமாவது வாங்கித்தான் பார்க்க வேண்டும். பாடப்புத்தகத்தில் ஒவ்வொரு பாடத்துக்கும் க்யூஆர் குறியீடு இருக்கிறது, நல்லதுதான். ஆனால் அந்த வீட்டின் ஒரே போன் காலை 6 மணிக்கு அப்பாவோடு சென்ட்ரிங் வேலைக்குப் போய், இரவு 8 மணிக்குச் சார்ஜ் இல்லாமல் திரும்புகிறது. 'ஸ்கேன் செய்து வீடியோ பார்த்துவிட்டு வா' என்ற வீட்டுப்பாடம் அந்தப் பிள்ளைக்கு மறுநாள் எழுந்து நிற்கும் தண்டனை. அந்தத் தண்டனை எந்தத் தெருவுக்கு அதிகம் போய்ச் சேரும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இதற்காகக் கருவியே வேண்டாம் என்கிறோமா? ஒருபோதும் இல்லை. தொழில்நுட்பத்தை வெறுப்பது வசதி உள்ளவர்களுக்கு மட்டுமே கட்டுப்படியாகும் பொழுதுபோக்கு. ஆய்வகமே இல்லாத பள்ளியில், கொலராடோ பல்கலைக்கழகம் உருவாக்கிய ஃபெட் என்ற இலவச மென்பொருளை வைத்து ஒரு சேரிப் பிள்ளை திரையில் மின்சுற்று அமைத்துப் பார்க்கிறாள். அதைத் தமிழிலும் பயன்படுத்தலாம். ஜியோஜீப்ராவில் முக்கோணத்தின் மூலையைப் பிடித்து இழுத்து, கோணங்களின் கூட்டுத்தொகை மாறவில்லை என்று தானே கண்டுபிடிக்கிறாள். மேட்டுக்குடிப் பள்ளிக்கு இது கூடுதல் வசதி. நமக்கு இதுதான் ஆய்வகம்.

கருவி சாட்சியாகவும் நிற்கும். 2021 ஏப்ரலில் கரக்பூர் ஐஐடியில் பட்டியலின, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான ஆன்லைன் தயாரிப்பு வகுப்பில் ஒரு பேராசிரியர் மாணவர்களைக் கேவலமாகத் திட்டினார். அந்தக் காணொளி வெளியே வந்து நாடே பார்த்தது. மூடிய அறைக்குள் காலங்காலமாக நடந்துவந்தது, கேமரா இருந்ததால் அன்று மாட்டிக்கொண்டது. ஆகவே கருவியோடு நமக்குப் பகை இல்லை. அது யாருக்குச் சாட்சி சொல்கிறது, யாரைக் காட்டிக்கொடுக்கிறது என்பதில்தான் சண்டை.

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. பாடத்திட்டம், வினாத்தாள், நற்சான்றுக் கடிதம் எல்லாவற்றுக்கும் ஆசிரியர்கள் சாட்ஜிபிடியைத் திறக்கிறார்கள். 2025 அக்டோபரில் எம்ஐடி டெக்னாலஜி ரிவ்யூ இதழ் இதில் சாதிப் பாகுபாடு ஊறியிருப்பதைச் சோதித்து எழுதியது. அறிவாளி யார், சாக்கடை சுத்தம் செய்பவர் யார் என்று இடைவெளி விட்டு நிரப்பச் சொன்னால் பார்ப்பனரையும் தலித்தையும் அது எங்கே வைக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம். ஆய்வு வாய்ப்புக்கு விண்ணப்பம் எழுத உதவி கேட்ட ஒரு தலித் ஆய்வாளரின் பெயரில் குடும்பப் பெயரை அது 'சர்மா' என்று மாற்றிக் கொடுத்த செய்தியும் அதில் இருந்தது. எழுதப்பட்டவற்றைப் படித்துத்தான் இந்த எந்திரம் கற்கிறது. இந்த நாட்டில் எழுதும் உரிமை யாரிடம் இருந்ததோ அவர்களின் உலகம்தான் அதன் உலகம். அதை அப்படியே அச்செடுத்து வகுப்பில் கொடுக்கும் ஆசிரியர், தன்னை அறியாமலே பழைய புத்தகத்தைப் புதிய எழுத்துருவில் விநியோகிக்கிறார்.

'எல்லாவற்றிலும் சாதியைத் தேடாதீர்கள்' என்று சலித்துக்கொள்ளும் நண்பர்களுக்கு ஒரு சொல். நாங்கள் தேடவில்லை. அது பெயர், அப்பா பெயர், சாதி என்று கட்டம் போட்டு எங்கள் போனுக்கே வந்து சேர்ந்தது.

தமிழ்நாட்டில் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஸ்மார்ட் வகுப்பறை, ஏறத்தாழ 80 ஆயிரம் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு டேப்லெட் என்று அரசு செலவழிக்கிறது. வரவேற்போம். அதோடு செலவே இல்லாத சில விதிகளையும் கேட்போம்.

ஒன்று, சாதியோ உதவித்தொகையோ இடம்பெறும் எந்தப் பட்டியலும் எந்தக் குழுவிலும் போகக் கூடாது. உரிய பெற்றோருக்கு மட்டும் தனித்தனியே சொல்ல வேண்டும். மீறினால் நடவடிக்கை என்று எழுத்தில் ஆணை வேண்டும்.

இரண்டு, பள்ளி எந்த மென்பொருளைப் பயன்படுத்தினாலும் சாதி விவரத்தை யார், எப்போது திறந்து பார்த்தார்கள் என்ற பதிவு அதில் இருக்க வேண்டும். தனியார் செயலிகளுக்கு அந்த விவரத்தைத் தரவே கூடாது.

மூன்று, போன் இருந்தால்தான் செய்ய முடியும் என்ற வீட்டுப்பாடம் கூடாது. வேண்டுமென்றால் பள்ளியின் கணினி ஆய்வகத்தை மாலையில் ஒரு மணி நேரம் திறந்து வையுங்கள். பூட்டிய அறைக்குள் புத்தம் புதிதாக இருக்கும் கணினியால் யாருக்கும் பயனில்லை.

நான்கு, ஆசிரியர்களுக்கு நடத்தும் ஒவ்வொரு தொழில்நுட்பப் பயிற்சியிலும் ஒரு அமர்வு இதைப் பற்றி இருக்க வேண்டும். எந்தப் பொத்தானை அழுத்துவது என்று கற்றுக்கொடுக்கும்போதே, எதை அழுத்தக் கூடாது என்றும் கற்றுக்கொடுங்கள்.

இதைப் படிக்கும் தோழர்களில் ஆசிரியர்கள் இருப்பீர்கள், ஆசிரியர்களின் பிள்ளைகள் இருப்பீர்கள், இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக இருந்தவர்கள் இருப்பீர்கள். இன்று இரவு ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வகுப்புக் குழுவைத் திறந்து கடந்த ஓராண்டில் வந்த பட்டியல்களைப் பாருங்கள். ஒன்று கிடைத்தாலும் போட்டவரிடம் பேசுங்கள், தலைமையாசிரியருக்கு எழுதிக் கொடுங்கள். அந்தப் பையன் இப்போது ஊரின் வேறு மூலையில் குடியிருக்கிறான், இரண்டு பேருந்து மாறிப் பள்ளிக்கு வருகிறான். உதவித்தொகைக்கு அவன் இன்னும் விண்ணப்பிக்கவில்லை.