இடிபாடும் தார்ச்சாலையும்

கோயம்புத்தூரில் பழைய கட்டடம் ஒன்று இடிபட்டதும், அதன் கான்கிரீட் துண்டுகள் லாரியேறி நொய்யல் கரையிலும் குளத்தோரங்களிலும் இரவோடிரவாகக் கொட்டப்படுவதும், அதே வேளையில் புதிய சாலைகளின் ஜல்லிக்கென்று கிணத்துக்கடவுப் பக்கத்துப் பாறைகள் வெடிவைத்துத் தகர்க்கப்படுவதும், ஒரே பிரதேசத்துக்கு நாம் ஒருங்கே இழைக்கும் இரண்டு அநியாயங்கள் என்றே கருதுகிறேன்.

அந்த இடிபாட்டை உடைத்து, கம்பியை நீக்கி, சலித்தெடுத்தால் தார்க் கலவைக்கே அது பிரயோஜனப்படும். ஆனால், அப்படி எடுத்த ஜல்லி ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்தால், பழைய சிமென்ட் சாந்து சாம்பல் நிறத் தோலாக அதன்மேல் ஒட்டியிருப்பது தெரியும். நுண்துளைகள் நிரம்பிய அந்தத் தோல் தாரை அதிகமாக உறிஞ்சுமாதலால், ஜல்லி முழுவதையும் மாற்றிவிடாமல், பரிசோதித்து அளவறிந்து ஒரு பகுதியாக மட்டும் சேர்ப்பதே விவேகம். சாலையின் அடித்தளத்துக்கு இத்தனை தயக்கம் தேவையில்லை.

கட்டடக் கழிவுக்கென மத்திய அரசு 2016இல் தனி விதிகளே வகுத்துவிட்டது. கழிவைச் சாலைக்குப் பயன்படுத்துவதும் நமக்குப் புதிதன்று; குப்பைப் பிளாஸ்டிக்கைத் தாரோடு சேர்த்துச் சாலையிட்டுக் காட்டிய மதுரைப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவனுக்கு 2018இல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது. பம்பையும் மோட்டாரையும் தேசத்துக்கே செய்து கொடுக்கும் கொங்குச் சீமைக்கு இடிபாட்டை ஜல்லியாக்கும் இந்தக் காரியம் அரிதன்று. மாநகராட்சி தன் சாலை டெண்டர்களிலேயே மறுசுழற்சி ஜல்லிக்கு ஒரு விகிதத்தைக் கட்டாயமாக்கி, முதலில் வார்டுத் தெருக்களில் இட்டு, இரண்டு மழைக்காலம் கவனித்துப் பார்த்து, பின்பு பிரதான சாலைகளுக்கு வரட்டும்.